இழுப்பு மருந்தும் ஓட்டக்களத்து நியாயமும்

நம் ஊர் கிளினிக்குகளில் சால்பூட்டமால் என்ற மருந்து மூன்று வழிகளில் கொடுக்கப்படுகிறது. நீலநிறப் பம்பை வாயில் வைத்து அடித்துக்கொள்வது ஒரு வழி. மாத்திரையாகவோ சிரப்பாகவோ விழுங்குவது இன்னொரு வழி. மூச்சு மிகவும் இரைத்தால் முகமூடி மாட்டி ‘கேஸ்’ வைப்பது மூன்றாவது. நோயாளிக்கு மூன்றும் ஒரே மருந்துதான். ஊக்கமருந்துச் சோதனைக்கு உட்பட்ட விளையாட்டாளருக்கு அப்படியில்லை. பம்ப் அளவோடு இருந்தால் அனுமதி உண்டு. மாத்திரைக்கும் சிரப்புக்கும் போட்டி நாளிலும் பயிற்சி நாளிலும் தடை. ‘கேஸ்’ ஒரே தடவையில் நாளைய வரம்பையும் சேர்த்து விழுங்கிவிடும். மலாக்காவின் குருபோங் ஹங் ஜெபாட் அரங்கில் மாநில அணித் தேர்வுக்காக 5,000 மீட்டர் ஓடும் பையனுக்கும் டூர் டி பிரான்ஸில் மலையேறும் சைக்கிள் வீரருக்கும் இந்த விதி ஒன்றே. ஆஸ்துமா மருந்தால் நெடுந்தூரப் போட்டிகளின் நியாயம் கெடுகிறது என்ற குற்றச்சாட்டு ஐம்பது ஆண்டுகளாக உலவுகிறது. சான்றுகளைப் பார்த்தால், அளவோடு உறிஞ்சும் மருந்தால் நியாயம் கெட்டதாகத் தெரியவில்லை. அது கெடும் இடம் வேறு. விதியைப் படித்துச் சொல்ல ஒருவருக்குத் தனி மருத்துவரும் வழக்கறிஞரும் இருக்கிறார்கள், இன்னொருவருக்கு இருமல் மருந்துப் புட்டி மட்டுமே இருக்கிறது. என் வாதம் இந்த வேறுபாட்டைப் பற்றியது.

முதலில் நுரையீரலின் வேலையைப் பார்ப்போம். 1998இல் கோலாலம்பூர் காமன்வெல்த் விளையாட்டுப் போட்டியில் ஜி. சரவணன் 50 கிலோமீட்டர் நடையில் மலேசியாவுக்குத் தங்கம் வாங்கித் தந்தார். நான்கு மணி நேரத்துக்கும் மேல் நீடித்த நடை அது. இத்தகைய போட்டியில் நிமிடத்துக்கு 80 லிட்டர் காற்று என்று அடக்கமாகவே கணக்கிட்டாலும் 250 நிமிடத்தில் 20,000 லிட்டர் உள்ளே போய் வெளியே வரும். சும்மா உட்கார்ந்திருப்பவர் இரவும் பகலுமாக ஒரு நாள் முழுதும் இழுக்கும் காற்று ஏறத்தாழ 10,000 லிட்டர்தான். அத்தனை காற்றும் பெரும்பாலும் வாய் வழியாகவே போவதால் மூக்கின் வடிகட்டலும் ஈரப்படுத்தலும் அதற்குக் கிடைப்பதில்லை. மூச்சுக்குழாயின் உட்சுவர் காய்கிறது, அதன் செல்கள் சேதமாகின்றன, அழற்சி வருகிறது, சுற்றியுள்ள தசை இறுகுகிறது. ஒரு நாள் நடந்தால் ஒன்றுமில்லை. வாரத்துக்கு இருபது மணி நேரம் வீதம் பத்து ஆண்டுகள் நடந்தால், பிறக்கும்போது ஆஸ்துமா இல்லாதவருக்கும் அது வந்து சேரலாம். நீச்சல் வீரர்களுக்குக் குளோரின் வாயுவாலும் பனிச்சறுக்கு வீரர்களுக்கு உறைகுளிர்க் காற்றாலும் இது கூடுதலாக வருகிறது. ஒலிம்பிக் வீரர்களிடம் காணப்படும் நாட்பட்ட நோய்களில் முதலிடம் ஆஸ்துமாவுக்கே. 2002 முதல் 2010 வரை நடந்த ஐந்து ஒலிம்பிக் போட்டிகளின் பதிவுகளை ஆராய்ந்த ஆஸ்திரேலிய மருத்துவர் கென்னத் ஃபிட்ச் ஏறத்தாழ 8 விழுக்காட்டினருக்கு இந்தத் தொல்லை இருந்ததாகக் கணித்தார்.

குளிரும் வறட்சியும்தான் காரணம் என்றால் மலாக்காவின் புழுக்கத்தில் இது ஏன் வரவேண்டும் என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். சூடான ஈரக்காற்று மூச்சுக்குழாயைக் காயவிடாது என்பது உண்மை. ஆனால் ஈரம் இன்னொரு கதவைத் திறந்துவிடுகிறது. மெத்தையிலும் தலையணையிலும் பெருகும் தூசிப் பூச்சிக்கும் சுவரில் படரும் பூஞ்சைக்கும் நம் தட்பவெப்பம் சொர்க்கம். அதன்மேல் புகைமூட்டம் வேறு. 2013 ஜூன் 23ஆம் நாள், மலாக்காவின் தெற்கு எல்லையை ஒட்டிய மூவாரில் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 746ஐத் தொட்டது. 300ஐத் தாண்டினாலே அபாயம் என்பது அந்த அளவுகோலின் கணக்கு. மூவாரிலும் லேடாங்கிலும் அவசரநிலை அறிவிக்கப்பட்டது. 2015 அக்டோபரில் கோலாலம்பூர் மாரத்தான் புகைமூட்டத்தால் கைவிடப்பட்டது. மாரத்தானை ரத்துசெய்துவிடலாம். அதற்காக மாதக்கணக்கில் ஓடிய பயிற்சியின்போது உள்ளே போன நுண்துகளை யாரும் ரத்துசெய்ய முடியாது. குறியீடு 90இல் நிற்கும் மாலைகளில் பயிற்சி வழக்கம்போல நடக்கும். 90 என்பது ‘மிதமானது’ என்ற வகை. உட்கார்ந்திருப்பவருக்கு மிதமானதாக இருக்கும் காற்று, அதைப்போல் பன்னிரண்டு மடங்கு இழுப்பவருக்கும் மிதமானதாகவே இருக்கும் என்று எடுத்துக்கொள்ள முடியாது.

இந்த நோய்க்கான மருந்து விளையாட்டின் சட்டத்தோடு முதலில் மோதிய பெரிய சம்பவம் 1972இல் மியூனிக்கில் நடந்தது. அமெரிக்காவின் ரிக் டிமோன்ட், 16 வயதுச் சிறுவன், 400 மீட்டர் நீச்சலில் ஆஸ்திரேலியாவின் பிராட் கூப்பரை நூற்றில் ஒரு நொடி வித்தியாசத்தில் வென்றான். அவன் வழக்கமாக எடுத்துவந்த ஆஸ்துமா மாத்திரையில் எபிட்ரின் இருந்தது. மருந்தின் பெயரை அணியின் படிவத்தில் அவன் முன்பே எழுதிக் கொடுத்திருந்தான். அணி மருத்துவர்கள் அதை ஒலிம்பிக் குழுவிடம் சேர்க்கவில்லை. பதக்கம் பறிபோனது. அவன் சரியாகவே தெரிவித்திருந்தான் என்று அமெரிக்க ஒலிம்பிக் குழு ஒப்புக்கொள்ள 2001 வரை காத்திருக்க வேண்டியிருந்தது, பதக்கம் மட்டும் திரும்பவே இல்லை. எபிட்ரின் நரம்பைத் தூண்டும் சரக்கு, அதைத் தடைசெய்ததில் தவறில்லை. ஆனால் இந்த வழக்கில் சிறுவன் தண்டிக்கப்பட்டது மருந்து தந்த வேகத்துக்காக அல்ல, பெரியவர்கள் ஒரு தாளை நகர்த்தாமல் விட்டதற்காக. பின்னால் வந்த வழக்குகள் பலவற்றிலும் இதே சாயல் தெரிகிறது.

எபிட்ரினுக்குப் பின் வந்த சால்பூட்டமால் போன்றவை மூச்சுக்குழாய்த் தசையை முக்கியமாகக் குறிவைத்துத் தளர்த்துபவை. 1990களில் ஒலிம்பிக்கில் இவற்றைப் பயன்படுத்துவதாக அறிவிப்போர் தொகை ஏறிக்கொண்டே போக, 2002 சால்ட் லேக் சிட்டி போட்டி முதல் நுரையீரல் சோதனைச் சான்று கேட்கப்பட்டது. நோயாளி போல நடித்தவர்களை வடிகட்ட இது உதவியது. 2010இல் சால்பூட்டமால், சால்மெட்டரால் இரண்டுக்கும் சான்றுத் தேவை நீக்கப்பட்டு, அளவு வரம்பு மட்டும் நின்றது. உலக ஊக்கமருந்துத் தடுப்பு முகமையான வாடா இப்போது வைத்திருக்கும் விதிப்படி சால்பூட்டமாலை 24 மணி நேரத்தில் 1,600 மைக்ரோகிராம் வரை உறிஞ்சலாம், எட்டு மணி நேரத்தில் 600ஐத் தாண்டக்கூடாது. பம்பை ஒரு தடவை அழுத்தினால் 100 மைக்ரோகிராம் வரும். ஆக, எட்டு மணி நேரத்தில் ஆறு அழுத்தம், ஒரு நாளில் பதினாறு. சிறுநீரில் மில்லிலிட்டருக்கு 1,000 நானோகிராமுக்கு மேல் இருந்தால் சந்தேகம் எழும். அளவை உறுதியாக மீறியதாகக் கொள்வதற்கு அந்த எண் 1,200ஐக் கடந்திருக்க வேண்டும்.

நல்ல நுரையீரல் உள்ளவன் இதை அடித்துக்கொண்டால் வேகம் கூடுமா என்பதுதான் நியாயத்தைத் தீர்மானிக்கும் கேள்வி. நெதர்லாந்து மருத்துவர் பபெத் பிளைம் தலைமையில் 2011இல் வெளிவந்த தொகுப்பாய்வு, ஆஸ்துமா இல்லாத விளையாட்டாளர்களிடம் உறிஞ்சும் மருந்து நீடித்த உழைப்பிலோ வலிமையிலோ குறிப்பிடத்தக்க மாற்றம் எதையும் தரவில்லை என்றது. பின்னர் நார்வேயின் அமுண்ட் ரீசர் குழு இதே கேள்வியை இரண்டாகப் பிரித்துப் பார்த்தது. உயிர்வளியை நம்பிய நீண்ட உழைப்பில் பயன் எதுவும் தெரியவில்லை. ஒரு சில நொடிகளில் முடியும் வேகத்திலும் வலிமையிலும் ஏறத்தாழ 5 விழுக்காடு கூடியது, அதுவும் மருந்து போன வழியையும் அளவையும் பொறுத்தது. இதற்குக் காரணம் புரியாததல்ல. திறந்திருக்கும் கதவை மேலும் திறக்க முடியாது. ஆஸ்துமா இல்லாத ஓட்டக்காரனின் வேகத்துக்குத் தடையாக நிற்பது பெரும்பாலும் இதயம் இறைக்கும் இரத்தத்தின் அளவு, மூச்சுக்குழாய் அல்ல. ஆனால் அதே மருந்து மாத்திரையாகிக் குடல் வழியே இரத்தத்தில் கலந்தால் எலும்புத் தசையைத் தொடுகிறது, அங்கே அதன் வேலை வேறு. டென்மார்க்கில் நடந்த ஆய்வில், சால்பூட்டமாலின் வகையைச் சேர்ந்த டெர்பூட்டலினை மிக அதிக அளவில் உறிஞ்சியவர்களுக்குத் தசை வலிமையும் குறுவேகமும் கூடின. ஆகவே பம்பை அனுமதித்து மாத்திரையைத் தடுக்கும் கோடு ஏனோதானோ என்று போட்டதல்ல. ஆஸ்துமா மருந்தைக் கண்ணாடி அணிவதற்கு ஒப்பிட்டு வாதாடுவோர் இதைத்தான் கவனிக்கத் தவறுகிறார்கள். கண்ணாடியை எத்தனை மணி நேரம் அணிந்தாலும் கண் கழுகுக் கண்ணாகிவிடாது. சால்பூட்டமாலோ அளவு மிஞ்சினால் வேறு மருந்தாகிவிடுகிறது. அளவுக் கோடு இல்லாத அனுமதியும் நியாயமாகாது, முழுத் தடையும் நியாயமாகாது.

எதிர்த்தரப்பின் வலுவான வாதம் பதக்கக் கணக்கிலிருந்து வருகிறது. ஃபிட்ச் ஆராய்ந்த ஐந்து ஒலிம்பிக்குகளிலும் ஆஸ்துமா உள்ளவர்கள், தங்கள் எண்ணிக்கைக்கு மிஞ்சிய விகிதத்தில் பதக்கம் வாங்கியிருந்தார்கள். 2018 பியாங்சாங் குளிர்கால ஒலிம்பிக்குக்கு நார்வே அணி ஆறாயிரம் தடவைக்கான ஆஸ்துமா மருந்தைக் கொண்டுபோனது என்ற செய்தி வந்ததும், அதே போட்டியில் அந்த நாடு பதக்கப் பட்டியலில் முதலிடம் பிடித்ததும் சந்தேகத்துக்கு எண்ணெய் வார்த்தன. நோயாளிகள் ஜெயிக்கிறார்கள் என்றால் மருந்துதானே ஜெயிக்கிறது என்று மனம் தாவுவது இயல்பு. ஆனால் இரண்டுக்கும் பின்னால் மூன்றாவது காரணம் ஒன்று இருக்கிறது. யார் அதிக நேரம் கடுமையாகப் பயிற்சி செய்கிறாரோ அவருக்குத்தான் மூச்சுக்குழாய் அதிகம் சேதமாகிறது, அவருக்குத்தான் பதக்கமும் அதிகம் கிடைக்கிறது. இடையில் வரும் மருந்து வெற்றிக்குக் காரணம் அல்ல, அந்த உழைப்பின் பின்விளைவு. மருந்தே காரணம் என்றால் ஆரோக்கியமானவர்களிடம் நடந்த ஆய்வுகளில் அந்தப் பயன் தெரிந்திருக்க வேண்டும், நீண்ட ஓட்டத்தில் அது தெரியவில்லை. முழுச் சந்தேகமும் தீர்ந்துவிட்டது என்று நான் சொல்லமாட்டேன். ஆய்வுக்கூடத்தில் ஒரு நாள் ஒரு தடவை கொடுத்துப் பார்ப்பதும், பல ஆண்டுகள் நாள்தோறும் அடித்துக்கொள்வதும் ஒன்றல்ல. ஆனால் சந்தேகத்தை வைத்து மூச்சிரைப்பவனின் பம்பைப் பறித்தால், அது வேகம் குறைவதோடு நிற்காது. கட்டுக்குள் இல்லாத ஆஸ்துமா உயிரையே பறிக்கும்.

கோடு இருக்கிறது, சரி. அது எல்லோர் மேலும் ஒரேபோல் விழுகிறதா? 2017 செப்டம்பர் 7ஆம் நாள், ஸ்பெயின் சுற்றுப் போட்டியில் சைக்கிள் வீரர் கிறிஸ் ஃபுரூமின் சிறுநீரில் 2,000 நானோகிராம் சால்பூட்டமால் இருந்தது. அனுமதித்த அளவையே உறிஞ்சியதாக அவர் சொன்னார். நீரிழப்புக்கான திருத்தம் செய்தபின் அந்த எண் 1,429ஆகக் குறைந்தது, அதுவும் 1,200க்கு மேல்தான். ஒன்பது மாதத்துக்கும் மேல் நிபுணர் அறிக்கைகள் குவிந்தன. ஒரே அளவை உறிஞ்சினாலும் சிறுநீரில் வெளிவரும் அளவு ஆளுக்கு ஆள், நாளுக்கு நாள் மாறும் என்ற வாதத்தைக் கடைசியில் வாடா ஏற்றுக்கொள்ள, 2018 ஜூலை 2ஆம் நாள் வழக்கு மூடப்பட்டது. அவருக்கு முன்னால் இத்தாலியின் அலெசாந்துரோ பெத்தாக்கி 2007இல் 1,352 எண்ணோடு சிக்கி ஏறத்தாழ ஓராண்டு தடை வாங்கினார். 2014இல் தியேகோ உலிசி 1,900 எண்ணோடு ஒன்பது மாதம் வாங்கினார். ஃபுரூம் நிரபராதி என்பதே என் கணிப்பும், அறிவியல் அவர் பக்கம் இருந்தது. ஆனால் அதே அறிவியல் மற்ற இருவருக்கும் பொருந்தக்கூடியதுதானே. 2007இலும் சிறுநீரகம் அப்படித்தான் வேலை செய்தது. அப்போது அதை எடுத்துச் சொல்லும் ஆராய்ச்சி குறைவு, அதை வரவழைக்கும் பணமும் குறைவு. நார்வேயின் பனிச்சறுக்கு வீரர் மார்ட்டின் ஜான்ஸ்ருட் சுன்ட்பி நம் கிளினிக்குகளில் ‘கேஸ்’ என்று சொல்லும் நெபுலைசர் வழியாக மொத்தம் 15,000 மைக்ரோகிராம் எடுத்தார், அணி மருத்துவரின் சொற்படிதான். அதில் பெரும்பகுதி காற்றோடு போய்விடும், நுரையீரலில் சேர்ந்தது கொஞ்சமே என்று அணி வாதாடியது. விளையாட்டு நடுவர் மன்றம் ஏற்கவில்லை. 2016இல் இரண்டு மாதத் தடையோடு 2015ஆம் ஆண்டின் டூர் டி ஸ்கி பட்டமும் உலகக் கோப்பையும் போயின.

மூச்சுக் குழாய்க்கான இன்னொரு மருந்து வகை ஸ்டிராய்டு. உறிஞ்சும் ஸ்டிராய்டுக்குத் தடையில்லை, அதுதான் ஆஸ்துமாவைக் கட்டுக்குள் வைக்கும் அடிப்படை மருந்தும்கூட. ஊசியும் மாத்திரையும் வேறு கதை. சைக்கிள் வீரர் பிராட்லி விக்கின்ஸ் 2011, 2012, 2013 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் பெரிய போட்டிகளுக்குச் சற்று முன்னால் டிரையம்சினலோன் ஊசி போட்டுக்கொள்ள முறைப்படி மருத்துவ விலக்கு பெற்றிருந்தார். 2018 மார்ச்சில் பிரிட்டன் நாடாளுமன்றக் குழு, விதி மீறப்படவில்லை, ஆனால் அறத்தின் எல்லை தாண்டப்பட்டது என்று அறிக்கை வைத்தது. விக்கின்ஸ் அதை மறுத்தார். ஆஸ்துமா மருந்தில் உண்மையான ஓட்டை எங்கே இருக்கிறது என்று கேட்டால் நான் இங்கேதான் கைகாட்டுவேன். இந்த ஊசி வலியை மறக்கடிக்கும், எடையைக் குறைக்க உதவும், களைப்பைத் தள்ளிப்போடும். விலக்கு மட்டும் மூச்சுக்கு என்று வாங்கப்படும். 2022 முதல் போட்டிக் காலத்தில் எல்லா வகை ஸ்டிராய்டு ஊசிகளும் தடைக்குள் வந்தது காலம் தாழ்ந்த, ஆனால் சரியான முடிவு. மலேசியர்களுக்கு இந்த மருந்துக் குடும்பம் புதிதல்ல. 2014 உலகப் பூப்பந்துப் போட்டியில் லீ சோங் வெய்யின் மாதிரியில் அகப்பட்ட டெக்சாமெத்தசோன் இதே குடும்பத்தைச் சேர்ந்தது. அவர் விழுங்கிய கார்டிசெப்ஸ் குளிகையின் ஜெலட்டின் உறையிலிருந்து அது வந்திருக்கலாம் என்று விசாரணைக் குழு ஏற்றுக்கொண்டு எட்டு மாதத் தடையோடு விட்டது. அவருக்காக நாடே வரிந்துகட்டிக்கொண்டு நின்றது. ஒரு குளிகையின் உறையைச் சோதனைக்கு அனுப்பி, அறிக்கை வாங்கி, நிபுணரை ஐரோப்பாவுக்குக் கூட்டிப்போக, உலகத் தரவரிசையில் முதலிடத்தில் இருந்தவருக்கு முடியும்.

இனி முதலில் சொன்ன அந்த இருமல் மருந்துப் புட்டிக்கு வருவோம். தமிழ்நாட்டிலும் இந்தியாவெங்கும் மருந்துக் கடையில் கைநீட்டினால் கிடைத்துவந்த சளி, இருமல் சிரப்புகள் பலவற்றில் மூன்று சரக்குகள் கூட்டாக இருக்கும். சளியை இளக்கும் பிரோம்ஹெக்சின் ஒன்று. நம் பாட்டிமார் இருமலுக்குக் கஷாயம் வைத்த ஆடாதோடை இலையிலுள்ள வேதிப்பொருளை மாதிரியாகக் கொண்டு உருவானது அது, யாருக்கும் தடையில்லை. சளியை வெளியேற்றும் குவைஃபெனசின் இரண்டாவது, அதற்கும் தடையில்லை. மூன்றாவது டெர்பூட்டலின். அது சால்பூட்டமாலின் பங்காளி, ஆனால் வாடா பட்டியலில் அதற்கு அனுமதித்த அளவு என்று ஒன்றே கிடையாது. பம்ப், சிரப், மாத்திரை எதுவானாலும் மருத்துவ விலக்கு இல்லாமல் தொடக்கூடாது. புட்டியின் முகப்பில் பெரிய எழுத்தில் கம்பெனிப் பெயர் இருக்கும். டெர்பூட்டலின் என்ற சொல் பின்பக்கத்தில், ஐந்து மில்லிலிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் என்ற வரியில் பொடி எழுத்தில் இருக்கும். 2019 பிப்ரவரி 22ஆம் நாள், இந்தூரில் நடந்த உள்நாட்டுப் போட்டியில் பிருத்வி ஷா கொடுத்த மாதிரியில் அகப்பட்டது இதுதான். அதற்கு நான்கு மாதம் முன்பு ராஜ்கோட்டில் தன் முதல் டெஸ்டிலேயே சதம் அடித்த 19 வயதுப் பையன் அவர். சளிக்குக் குடித்த இருமல் மருந்து என்ற விளக்கத்தை இந்தியக் கிரிக்கெட் வாரியம் ஏற்றுக்கொண்டும் எட்டு மாதத் தடை விதித்தது. 2017 மார்ச்சில் யூசுப் பதான் மாதிரியிலும் இதே சரக்கு, இதே விளக்கம். தடை ஐந்து மாதம். கிரிக்கெட் நெடுந்தூர ஓட்டம் இல்லைதான். ஆனால் இந்த இரு வழக்குகளும் காட்டுவது விளையாட்டைப் பற்றியதல்ல, மருந்துக் கடையைப் பற்றியது. கோடிகளில் புரளும் வாரியத்தின் கீழ் ஆடுபவர்களுக்கே புட்டியின் பின்பக்கத்தைப் படித்துச் சொல்ல ஆள் இல்லாமல் போனது. சைக்கிள் உலகிலும் சைமன் யேட்ஸ் 2016இல் பாரிஸ்-நீஸ் போட்டியில் டெர்பூட்டலின் பம்பால் நான்கு மாதம் வெளியே இருந்தார். அவருக்கு நோய் இருந்தது, மருந்து தேவைப்பட்டது, விலக்குக்கு விண்ணப்பிக்க வேண்டிய அணி மருத்துவர் விண்ணப்பிக்கவில்லை. டிமோன்டுக்கும் யேட்ஸுக்கும் இடையே 44 ஆண்டுகள் ஓடியிருந்தும் தவறு மட்டும் மாறவில்லை.

தெரியாமல் செய்தவரைத் தண்டித்தால்தான் தெரிந்தே செய்பவர் ‘இருமல் மருந்து’ என்று சாக்குச் சொல்லித் தப்ப முடியாது என்று பதில் வரும். உடம்பில் இருப்பதற்கு விளையாட்டாளரே பொறுப்பு என்ற கொள்கையின் அடித்தளம் அதுதான், அதை நான் மறுக்கவில்லை. தளர்த்தினால் நாளைக்கே எல்லா ஊக்கமருந்தும் சிரப்பாக உருமாறிவிடும். ஆனால் பொறுப்பை ஒருவர் தோளில் ஏற்றும்போது அதைச் சுமக்கும் வழியும் அவருக்குக் கிடைக்க வேண்டும். மருத்துவ விலக்கு வாங்குவது எப்படி என்று பாருங்கள். மூச்சிரைக்கிறது என்று சொன்னால் போதாது, கிளினிக்கில் தரும் எம்.சி. தாளும் செல்லாது. ஸ்பைரோமெட்ரி குழாயில் ஊதவேண்டும். மருந்து கொடுத்தபின் மறுபடி ஊதும்போது முதல் நொடியில் வெளிவரும் காற்று 12 விழுக்காடாவது கூடவேண்டும். சாதாரண நாளில் கூடாவிட்டால், வறண்ட காற்றை வேகமாக இழுக்கவைத்தோ மானிட்டால் பொடியை உறிஞ்சவைத்தோ குழாயை வேண்டுமென்றே இறுகச் செய்து அளக்க வேண்டும். இந்த இரண்டாவது வகைச் சோதனைகளுக்கான வசதி ஊர் கிளினிக்குகளில் எளிதில் கிடைப்பதில்லை. அரசு கிளினிக்கில் ஒரு வெள்ளி கட்டிப் பம்ப் வாங்கிவிடலாம், நம் நாட்டின் பெருமைகளில் ஒன்று அது. சோதனைத் தாள்களை வரிசையாகச் சேர்த்து விண்ணப்பம் எழுத, அந்த ஒரு வெள்ளியில் இடமில்லை.

குருபோங், செங், புக்கிட் ரம்பை, ஜாசின் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றின் கதை இங்கே பொருந்தி வருகிறது. ரப்பர்த் தோட்டம் செம்பனையாகி, செம்பனைத் தோட்டம் வீடமைப்பாகவும் தொழிற்பேட்டையாகவும் மாறியபோது, லயத்தில் இருந்தவர்கள் மலிவு விலை வீடுகளுக்கு வந்தார்கள். தோட்டத்து ஆஸ்பத்திரியின் டிரெஸ்ஸர் போய், கடைவீதிக் கிளினிக் வந்தது. அங்கே இருமலோடு போகும் பிள்ளைக்குச் சிரப்பும், இழுப்பு கூடினால் ‘கேஸ்’ஸும், ஐந்து நாள் ஸ்டிராய்டு மாத்திரையும் கொடுப்பது வழக்கமான மருத்துவம். நோயாளிக்கு அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. அந்தப் பிள்ளை தமிழ்ப்பள்ளிக் குறுக்கோட்டத்தில் தொடங்கி, மாவட்டம் தாண்டி, மாநில அணியில் சேர்ந்துவிட்டால் அதே மருந்துச் சீட்டில் ஒன்றுக்கு மூன்று மீறல் இருக்கும். ‘கேஸ்’ வைக்கும் குப்பியில் பெரியவர்களுக்கு 5 மில்லிகிராம் வரை இருக்கும், அதாவது 5,000 மைக்ரோகிராம், ஒரு நாள் வரம்பைப்போல் மூன்று மடங்கு. நெருக்கடியில் உயிர்காக்கக் கொடுத்த மருந்துக்குப் பின்தேதியிட்டு விலக்குக் கேட்க விதியில் இடம் இருக்கிறது. அப்படி ஓர் இடம் இருப்பதே எத்தனை பெற்றோருக்கும் பயிற்சியாளருக்கும் தெரியும்? மாநிலங்களுக்கு இடையிலான சுக்மா போட்டிகளில் மாதிரி எடுப்பது 2007இல் அமைந்த மலேசிய ஊக்கமருந்துத் தடுப்பு நிறுவனமான அடாமாஸ். சுக்மா வீரர்கள் பெரும்பாலும் பதின்ம வயதினர். மீறல் பதிவானால் பெயர் செய்தியில் வரும். டெர்பூட்டலின் என்ற சொல்லை யாரும் நினைவில் வைக்கமாட்டார்கள், ‘ஊக்கமருந்தில் பிடிபட்டவன்’ என்பது மட்டும் ஊரில் நிற்கும்.

நுரையீரல் பலவீனமானவர் வேறு விளையாட்டுக்குப் போகட்டுமே, குள்ளமானவர் கூடைப்பந்தை விடுவதில்லையா என்று கேட்பவர்களும் உண்டு. உயரத்தைக் கூடைப்பந்து குறைப்பதில்லை. நெடுந்தூரப் பயிற்சியோ மூச்சுக்குழாயைக் கெடுக்கிறது. தான் உண்டாக்கிய நோய்க்கு மருந்து தரமறுக்கும் விளையாட்டு நியாயம் பேசத் தகுதியற்றது. இன்னொரு முனையில், எல்லோருக்கும் எல்லாவற்றையும் திறந்துவிட்டால் சமமாகிவிடுமே என்பவர்களுக்கும் பதில் ஏற்கெனவே வந்துவிட்டது. அளவு மிஞ்சினால் மருந்து தசைக்குப் போகிறது. அந்தப் பந்தயத்தில் முதலில் ஓடப்போவது மருந்துக்குச் செலவழிக்க முடிந்தவன்தான்.

இதற்கெல்லாம் புதுச் சட்டம் வேண்டியதில்லை, வழிகாட்டும் ஆள் இருந்தால் போதும். மலேசியத் தமிழரான டாக்டர் எம். ஜெகதீசன் 1966 பாங்காக் ஆசிய விளையாட்டில் மூன்று தங்கம் வென்ற ஓட்டக்காரர். பின்னாளில் ஆசிய ஒலிம்பிக் மன்றத்திலும் காமன்வெல்த் விளையாட்டுச் சம்மேளனத்திலும் மருத்துவப் பொறுப்புகள் வகித்தவரும் அவரே. களத்தையும் மருத்துவத்தையும் சேர்த்து அறிந்தவர்கள் நம்மிடையே இல்லாமலில்லை. மாநில அணித் தேர்வு முகாமில் ஓட்டம், நடை, சைக்கிள், நீச்சல் பிள்ளைகள் எல்லோரையும் ஒரு தடவை ஸ்பைரோமெட்ரி குழாயில் ஊதவைக்கலாம். அந்தத் தாளை அவர்களுடைய கோப்பில் வைத்துவிட்டால் விலக்கு விண்ணப்பத்தில் பாதி வேலை முடிந்தது. அணியில் சேரும் நாளன்று பெற்றோர் கையில் தமிழிலும் மலாயிலும் ஒரு பக்கத் தாள் கொடுக்கலாம்: டாக்டரிடம் ‘இவன் மாநிலத்துக்கு ஓடுகிறான்’ என்று முதலில் சொல்லுங்கள், சிரப்புக்குப் பதில் பம்ப் கேளுங்கள், ‘கேஸ்’ வைத்தால் அன்றே பயிற்சியாளருக்குத் தெரிவியுங்கள், கடையில் வாங்கும் இருமல் மருந்தின் பின்பக்கத்தைப் படம் எடுத்து அனுப்புங்கள். மலாக்கா மாநில விளையாட்டு மன்றமும் பள்ளி விளையாட்டு மன்றமும் அடுத்த சுக்மா தேர்வுக்கு முன்பே இதைத் தொடங்கிவிட முடியும். தமிழ்ப்பள்ளிப் பெற்றோர் ஆசிரியர் சங்கங்கள் இதை எழுத்தில் கேட்கவேண்டும்.